காணாமல் போன ஒன்றேகால் அங்குலம்

போன மாதம் எங்கள் ஊர்ச் சுகாதார நிலையத்தில், புதிதாக வேலைக்குச் சேர்ந்த நர்ஸ் பெண்களுக்கு ஒரு பயிற்சிக் கூட்டம் வைத்தார்கள். பழைய ஆள் என்று என்னையும் கூப்பிட்டு, "ரெண்டு வார்த்தை பேசுங்கம்மா" என்றார்கள். பேசினேன். முக்கால் மணி நேரம் ஆனதும் மைக் நின்றுபோனது. கரண்ட் போய்விட்டதாம். தலைக்கு மேலே மின்விசிறி மட்டும் ஜோராகச் சுற்றிக்கொண்டிருந்தது.

எனக்கு அதில் வருத்தம் இல்லை. பிள்ளைகளின் உயரம் அளக்கப் புதிதாக ஒரு கருவி வந்திருக்கிறது, குழந்தையை நிறுத்தினால் எண் தானாக விழுகிறது. அதைக் காட்டி ஒரு பெண் கேட்டாள், "இது இல்லாத காலத்துல எப்படிம்மா அளந்தீங்க? தப்பு வராதா?" என்று. வரும். எனக்கே வந்தது. அதைச் சொல்ல வாயெடுத்தபோதுதான் மைக்கை அணைத்தார்கள். அதனால் இங்கே எழுதுகிறேன். எழுதும்போது யாரும் கரண்டை நிறுத்த முடியாது.

என் பெயர் சரோஜா. பிறந்தது ஆர்.கே.பேட்டையில், நெசவுக் குடும்பம். நான் நர்ஸ் வேலைக்குப் போவதில் நைனாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, இஷ்டமே இல்லை. அக்காவைக் கட்டிய முனிரத்தினம் பாவாதான் அவரோடு மல்லுக்கு நின்று என்னை மதராஸுக்கு அனுப்பிவைத்தார். அங்கே மூன்று வருஷம் படித்தேன். படுக்கை விரிக்கவும், ஊசி போடவும், திட்டு வாங்கிக்கொண்டு சிரித்த முகமாக நிற்கவும் கற்றுக்கொண்டு, ஐம்பதுகளின் நடுவில் திருத்தணிக்கு வந்து சேர்ந்தேன். மலையடிவாரத்தில் ஒரு தர்ம வைத்தியசாலை. நான், ஒரு கம்பவுண்டர், ஒரு டாக்டர், அவ்வளவுதான்.

டாக்டர் பெயர் ரங்கய்யா. ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர். மணவூரில் வீடு. தினமும் காலையில் ரயிலேறி, அரக்கோணத்தில் வண்டி மாறி, எட்டு மணிக்கு வைத்தியசாலைக்குள் நுழைவார். சத்தம் போட்டுப் பேச மாட்டார். ஆனால் ஒரே கேள்வியை மூன்று தரம் கேட்பார். "எத்தனை நாளா ஜுரம்?" "மூணு நாளுங்க." "எத்தனை நாளா?" "மூணுங்க." "சரி, எத்தனை நாளா?" மூன்றாம் தரம் கேட்கும்போது நோயாளி யோசித்து, "அஞ்சாறு நாள் இருக்கும் சார்" என்பார். அதற்குப் பிறகுதான் டாக்டர் எழுதுவார்.

அவருக்கு ஒரு பைத்தியம் உண்டு. வைத்தியசாலைக்கு வருகிற எந்தப் பிள்ளையாக இருந்தாலும், சிரங்குக்கு வந்தாலும் சரி, காதுவலிக்கு வந்தாலும் சரி, முதலில் உயரம் அளக்க வேண்டும். இதற்காகவே ஒரு தச்சரை உட்காரவைத்து, தேக்குப் பலகையில் அங்குலம், கால் அங்குலம் எல்லாம் கோடு கீறிச் சுவரில் அடித்திருந்தார். பலகையின் மேல் ஒரு மரக்கட்டை ஏறி இறங்கும். "காய்ச்சல் ரெண்டு நாள்ல தன்னைக் காட்டிக்கும் சரோஜா. சில வியாதி வருஷக்கணக்கா ஒளிஞ்சிருக்கும். உயரத்துல மட்டும்தான் தெரியும்" என்பார்.

அளப்பது என்றால் லேசுப்பட்ட காரியம் இல்லை. வெறுங்கால். குதிகால், புட்டம், தோள்பட்டை, பின்மண்டை, நாலும் பலகையில் பட வேண்டும். பிள்ளை நேராகப் பார்க்க வேண்டும். அதற்காக எதிர்ச் சுவரில் மயில் படம் போட்ட காலண்டரைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, பிள்ளையின் கண்ணுக்கு நேராக ஏற்றி இறக்குவோம். மூச்சை இழுத்துப் பிடித்ததும் கட்டையை இறக்கி, முடியை அழுத்தி, மண்டையில் அது 'டக்'கென்று உட்கார வேண்டும். பிறகு பிள்ளை இறங்கி ஒரு சுற்று நடந்துவிட்டுத் திரும்ப வந்து நிற்க வேண்டும். இப்படி மூன்று தடவை. மூன்றும் கால் அங்குலத்துக்குள் ஒத்துப்போகாவிட்டால் முதலிலிருந்து. அதுவும் காலை ஒன்பதரைக்குள். சாயங்காலத்தில் மனிதர்கள் கொஞ்சம் குட்டையாகி விடுவார்கள் என்றார். நான் நம்பவில்லை. என்னையே காலையிலும் மாலையிலும் அளந்து காட்டினார். நிஜமாகவே கால் அங்குலம் குறைந்திருந்தேன். அன்று முழுக்க எனக்கு மனசே சரியில்லை.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷமே நான் பாவாவை டாக்டரிடம் அழைத்துவந்தேன். பாவா நாலடி இரண்டு அங்குலம். உடம்பு எல்லாரையும் போலத்தான், கையும் காலும் மட்டும் கட்டையாக இருக்கும், நெற்றி புடைத்திருக்கும். பிறவியிலேயே அப்படி. டாக்டர் அவர் இரண்டு கைகளையும் விரிக்கச் சொல்லி விரல்நுனியிலிருந்து விரல்நுனி வரை அளந்தார், முட்டியைத் தடவிப் பார்த்தார். "எலும்பு வளர்ற விதமே இவருக்குப் பிறக்கும்போதே வேற. இதுக்கு மருந்து இல்லை. இருக்குன்னு எவனாவது வந்தா நம்பாதீங்க" என்றார். எனக்கு முகம் விழுந்துவிட்டது. பாவா கவலையே படவில்லை. "ரொம்ப நல்லதுங்க டாக்டர். என் காலுக்கு எட்டணும்னு தறிக்குழியில ஒரு சாண் மண்ணு கொட்டி வச்சிகினு இருக்கேன். இப்போ வளந்துட்டா மறுபடியும் எவன் தோண்டறது?" என்றார். டாக்டர் சிரித்ததை அன்றுதான் முதல்முதலாகப் பார்த்தேன்.

அடுத்த பங்குனியில் தேவு வந்தாள்.

வெயில் கொளுத்துகிற காலை. மலைக்கோயில் மடப்பள்ளியில் சமைக்கிற ராமசேஷன், கம்பளிச் சால்வையில் சுற்றிய ஒரு குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தார். பின்னால் அவர் மனைவி மங்களம். குழந்தைக்கு இரண்டரை வயது இருக்கும் என்று நினைத்துக்கொண்டு பெயர், வயது கேட்டேன். "தேவயானி. ஏழு முடிஞ்சுடுத்து" என்றார் ராமசேஷன். என் பென்சில் நின்றுவிட்டது.

முகம் உப்பியிருந்தது. தோல் சுரசுரவென்று வறண்டிருந்தது. தொப்புள் பிதுங்கியிருந்தது, கழுத்தில் லேசாக ஒரு வீக்கம். முடி சோளக்குஞ்சம் போல நாலே நாலு இழை. பேசினால் குரல் கட்டைக் குரல். அதுவும் நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம் என்றாள் மங்களம். டாக்டரே அன்று அவளைப் பலகையில் நிறுத்தி மூன்று தடவை அளந்தார். முப்பத்து மூன்று அங்குலம்.

"டாக்டர், ராணி மாதிரி வளரணும்னு நான் கேக்கலை. பள்ளிக்கூடத்துல சேத்துண்டாப் போறும்" என்றார் ராமசேஷன். அந்தக் காலத்தில் பிறந்த தேதிக்கு யாரிடமும் காகிதம் இருக்காது. வலக்கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடக்காதைத் தொட்டால் ஒன்றாம் வகுப்பு, தொடாவிட்டால் அடுத்த வருஷம் வா. தேவுவை இரண்டு ஜூன் மாதம் அழைத்துப்போய் இரண்டு தடவையும் திரும்பி வந்திருக்கிறார்கள். அவள் கை உச்சந்தலையோடு நின்றுவிடும். "ரெண்டாந்தரம் திருப்பி அனுப்பிச்சப்போ, ஆத்துக்கு வர்ற வழியெல்லாம் கையைத் தலைமேல வச்சிண்டே வந்தா டாக்டர். எனக்கு அப்பறம் இவ தானே நாலெழுத்து படிச்சுப் பொழைக்க வேண்டாமா?" என்றார். தினமும் அண்டா அண்டாவாக இறக்கி வைக்கிற மனிதர், குழந்தையின் சால்வை நுனியைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

டாக்டர் தன் வழக்கப்படி மூன்று மூன்று தரம் கேட்டார். ராமசேஷன் கட்டியிருந்தது சொந்த அக்கா மகளை. அவருக்கு ஒரு அத்தை இருந்தாளாம், கடைசிவரை குழந்தை உயரத்திலேயே இருந்து போய்ச் சேர்ந்தாளாம். குழந்தையை மதராஸுக்கு அனுப்பி மணிக்கட்டை எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். ஏழு வயதுக்காரிக்கு இரண்டு வயதுக் குழந்தையின் எலும்பு என்று பதில் வந்தது.

"கழுத்துல தைராய்டுன்னு ஒரு சுரப்பி இருக்கு. உடம்பு வளர்றதுக்கு, மூளை வேலை செய்யறதுக்கு அதுல ஊறுற சத்து வேணும். இவளுக்கு அது ஊறலை. பரம்பரையா வர்ற குறை" என்றார் டாக்டர்.

ராமசேஷனுக்கு முகம் வெளுத்தது. "அப்போ நாங்க பண்ணிண்ட கல்யாணம்தான் தப்பா?"

"யார் தப்புன்னு சொன்னது? ரெண்டு பேரும் ஒரே பானையில இருந்து உறைமோர் எடுத்திருக்கீங்க. அந்தப் பானையில ஒரு குறை இருந்தா ரெண்டு பேர்கிட்டயும் அது வந்திருக்கும். யார் பண்ணின பாவமும் இல்லை. குட்டையா இருக்கிறதுல நூறு தினுசு இருக்கு ஐயரே, முக்காவாசிக்கு என்கிட்ட மருந்து இல்லை. இதுக்கு இருக்கு. ரோஜூ ஒரு மாத்திரை, தினம் தவறாம. நிறுத்தவே கூடாது."

மாத்திரை ரயிலில் வந்து இறங்கிய அன்று டாக்டருக்கு வெளியூர் வேலை. "கொடுத்துடு. எதுல செஞ்சதுன்னும் சொல்லிடு" என்று முதல் நாளே என்னிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அங்கேதான் நான் சறுக்கினேன். அந்த மாத்திரை ஆட்டுக் கழுத்தில் இருக்கிற சுரப்பியைக் காயவைத்துப் பொடித்துச் செய்வது. மங்களம் மடிசாரோடு வந்து நின்று, "இது எதுல பண்றா நர்சம்மா?" என்று கேட்டாள். வெங்காயம்கூட அண்டாத வீடு. ஆடு என்று சொன்னால் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவாளே, பிள்ளையின் கதி என்ன என்று எனக்குள் பதைத்தது. "பச்சிலைதாங்கம்மா, மலைப் பச்சிலை" என்றேன். வாய் கூசவில்லை, அதுதான் கொடுமை.

மூன்றாவது வாரம் மங்களம் அலறி அடித்துக்கொண்டு வந்தாள். "டாக்டர், குழந்தைக்கு உடம்பெல்லாம் வேர்க்கறது!" ஏழு வருஷமாக அந்தப் பிள்ளைக்கு வியர்த்ததே இல்லையாம். டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்து, "வேர்க்கட்டும்! நல்லா வேர்க்கட்டும்!" என்று கையைத் தட்டினார். அதற்கப்புறம் தேவு சால்வையை உதறினாள். பசிக்கிறது என்று வாய்விட்டுக் கேட்டாள். இரண்டு மாதத்தில் அவளுக்கு வால் முளைத்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கடித்துவைத்தாள் என்ற புகாரை ராமசேஷன் எங்களிடம் வந்து லட்டு கொடுக்கிற மாதிரி சந்தோஷமாகச் சொன்னார்.

மாதம் ஒரு தடவை அளப்பது என் பொறுப்பு. முதல் மாதம் கட்டையை இறக்கும்போது மங்களம் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "முருகனுக்கு நேர்ந்துண்ட முடி நர்சம்மா. இவ வளர்ந்தா ஆடிக் கிருத்திகைக்கு முடி இறக்கறதா வேண்டிண்டிருக்கோம். எல்லார் தலையிலயும் பட்ட கட்டை அதுல படப்படாது." நியாயமாகத்தான் பட்டது. நானும் மலைக்கு மொட்டை போட்டு வளர்ந்தவள்தான். சாமிக்குச் சொன்ன முடியை அழுத்த எனக்கும் கை வரவில்லை. கட்டையை முடிக்கு மேலே பட்டும் படாமலும் பிடித்து அளவு பார்த்தேன். மாதா மாதம் அப்படியே. டாக்டர் சரிபார்க்கவும் இல்லை. "நீ அளந்தா நான் அளந்த மாதிரி" என்று சொல்லிவிட்டார். நாலு மாதத்தில் முப்பத்தாறு அங்குலம். முழுசாக மூன்று அங்குலம்! டாக்டர் அந்தத் தாளைக் கம்பவுண்டரிடம் காட்டினார், தபால்காரரிடம் காட்டினார், கட்டு மாற்ற வந்த மாட்டு வியாபாரியிடமும் காட்டினார்.

ஆடிக் கிருத்திகை வந்தது. காவடியும் கூட்டமுமாக ஊரே மஞ்சளாக இருந்தது. தேவுவுக்கு முடி இறக்கினார்கள். மூன்றாம் நாள், சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு அவள் குதித்துக்கொண்டு பலகையில் ஏறினாள். இனி அழுத்தலாமே என்று கட்டையை இறக்கினேன். முப்பத்து நாலே முக்கால். இன்னொரு தடவை. முப்பத்து நாலே முக்கால். மூன்றாவது தடவையும் அதேதான். ஒன்றேகால் அங்குலத்தைக் காணோம்.

எனக்குத் தலைக்குள் ஒன்றும் ஓடவில்லை. ராமசேஷன் எட்டிப் பார்த்துவிட்டார். "என்னம்மா, கொறைஞ்சிருக்கே? பிரார்த்தனை முடிச்ச மூணாம் நாள் குழந்தை சுருங்குவாளா? அந்த முருகனுக்கு ஏதோ பிடிக்கலை." அப்படியே டாக்டர் பக்கம் திரும்பினார். "டாக்டர், இது என்ன பச்சிலை?"

"பச்சிலையா? ஆட்டுக் கழுத்துச் சுரப்பி. சரோஜா சொல்லலையா?" என்றார் டாக்டர்.

ராமசேஷன் இடுப்பு மடிப்பிலிருந்து மாத்திரை சீசாவை எடுத்து மேஜைமேல் வைத்தார். குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். தேவு அவர் தோளுக்கு மேலாக எனக்கு டாட்டா காட்டிக்கொண்டே போனாள். டாக்டர் என்னைப் பார்த்த பார்வையில் நான் அங்கேயே செத்தேன்.

அடுத்த மாதம் அளவுக்கு அவர்கள் வரவில்லை. ஒருநாள் கடைத்தெருவில் மங்களத்தைப் பார்த்தேன். வயிற்றில் ஐந்து மாதம். தோளில் தேவு, அந்த வெயிலில் மறுபடியும் கம்பளிச் சால்வை. என்னைப் பார்த்துக் கண்ணைத் திறந்தவள் சிரிக்கவில்லை, திரும்ப மூடிக்கொண்டாள். அந்த ஞாயிற்றுக்கிழமை ஆர்.கே.பேட்டைக்குப் போய் அக்கா மடியில் விழுந்து அழுதேன்.

தறியை நிறுத்திவிட்டு வந்த பாவா எல்லாவற்றையும் கேட்டார். பிறகு குபீரென்று சிரித்தார்.

"இன்னா மச்சினி, கொயந்தைய அளக்கச் சொன்னா முடிய அளந்துகினு வந்திருக்கியே!"

"இன்னா பாவா சொல்ற?"

"நான் எதுக்கு இம்மாம் பெரிய தலப்பா கட்டிகினு திரியறேன்? உங்கக்காவைப் பொண்ணு பாக்க வந்தப்போ இதுலதான் அரை அடி சம்பாரிச்சேன். மருந்து சாப்பிட்டா முடியும் வளருமா வளராதா?"

"ஆங், நல்லா அடர்த்தியா வந்துச்சி."

"அதைக் கொண்டையா போட்டு, பூ வச்சி இட்டுகினு வந்திருப்பாங்க. நீ பூவுக்கு மேல கட்டையப் பிடிச்சிருப்ப."

எனக்குக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. மாதா மாதம் கொண்டை பெரிதானது என் கண்முன்னால்தானே நடந்தது! முதல் நாள் டாக்டர் நாலு இழை முடியை அழுத்தி அளந்தார். அது சரியான அளவு. மொட்டையில் அளந்ததும் சரியான அளவு. நடுவில் நான் எழுதியதெல்லாம் கனகாம்பரத்தின் உயரம்.

திங்கட்கிழமை காலை டாக்டர் நுழைந்ததும் நுழையாததுமாக எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் நோட்டைப் புரட்டிக் கணக்குப் போட்டார். "அப்போ நாலு மாசத்துல ஒன்றே முக்கால் அங்குலம் நிஜமா வளர்ந்திருக்கா. ஏழு வருஷமா படுத்துக் கிடந்த பிள்ளைக்கு இது சாமான்யமா? இதைப் போய் சுருங்கிட்டாள்னு அனுப்பினியே!" என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தினார். "கை செஞ்ச தப்பு ஒண்ணு, வாய் செஞ்ச தப்பு ஒண்ணு. ரெண்டையும் அவங்க வீட்டுக்குத் தூக்கிட்டுப் போ. நான் வர மாட்டேன்."

ராமசேஷன் மடப்பள்ளி வேலை முடிந்து படியிறங்கி வருகிற நேரம் பார்த்து, அவர் விட்டுப்போன சீசாவையும் எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் தேவு சுருண்டு படுத்திருந்தாள். வாசலில் நின்றுகொண்டே சொன்னேன்.

"ஐயரே, கொயந்தை சுருங்கலைங்க. நான்தான் கொண்டையோட சேத்து அளந்துட்டேன். முடியை இறக்கினதும் கொண்டை போச்சு, கொயந்தை அப்படியேதான் இருக்கா. மருந்து விஷயத்துலயும் பொய் சொன்னது நான்தாங்க. டாக்டர் உண்மையத்தான் சொல்லச் சொன்னாரு. நீங்க வேணாம்னுடுவீங்களோன்னு பயந்துட்டேன்."

அவருக்கு மீசை இருந்திருந்தால் துடித்திருக்கும். "பயந்துட்டியா? நாலு மாசம் எங்காத்துக் குழந்தை வாயில என்ன போச்சுன்னு எனக்குத் தெரியாது. அவளுக்கு மாத்திரை ஊட்டின கையாலதான் நான் சுவாமிக்கு நைவேத்தியம் பண்ணியிருக்கேன். என்னை என்ன பண்ணச் சொல்றே?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை.

அதுவரை சுவரில் சாய்ந்து நின்ற மங்களம் பேசினாள். "ஏன்னா, ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்கப்படாது. நம்ம சுவாமி இந்த மலையில யாரைக் கல்யாணம் பண்ணிண்டார்?"

"இதென்ன கேள்வி? வள்ளியை."

"வள்ளி யாராத்துப் பொண்ணு?"

"வேடனாத்துப் பொண்ணு."

"மாமனாராத்துக்கு விருந்துக்குப் போனா அவருக்கு என்ன போட்டிருப்பா? தயிர்சாதமும் வடுமாங்காயுமா?"

மங்களம் விடவில்லை. வயிற்றில் கையை வைத்துக்கொண்டாள். "அவருக்கே ஆகும்னா என் குழந்தைக்கு ஆகும். நாளைக்கு இதுவும் அப்படியே பொறந்தா இதுக்கும் கொடுப்பேன். நீங்க ஆயிரம் ஸ்நானம் பண்ணிக்கோங்கோ, நான் வெந்நீர் போட்டுத் தரேன்."

அவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். அப்புறம் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நான் பயந்தேன். பார்த்தால் சிரிக்கிறார்! "தயிர்சாதமும் வடுமாங்காயுமா!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார், சிரித்துக்கொண்டே மேல்துண்டால் கண்ணைத் துடைத்தார். "சீசாவைக் கொடு நர்சம்மா. நானே தேன்ல குழைச்சுத் தரேன். ஆனா இனிமே ஆடோ மாடோ, எங்கிட்ட உள்ளதைச் சொல்லணும். கேட்டுண்டு குடுக்கறது வேற, தெரியாமக் குடுக்கறது வேற." அன்றைக்குச் சொன்னதை நான் வேலையிலிருந்து ஓய்வுபெறும் நாள்வரை மீறவில்லை.

பாவாவுக்குத் தகவல் சொன்னதும் அவர் தறியை விட்டு எழுந்து ஆடினார் என்று அக்கா சொன்னாள்.

அந்த வருஷம் முழுக்க ராமசேஷன் அளவில் என்னைவிடக் கறாராகிவிட்டார். அளக்கிற நாளுக்கு முந்தின நாள், பிள்ளைக்கு மொட்டை போட்டுத்தான் அழைத்துவருவார். மலையில் முடி இறக்குகிறவர், "ஒரு தரம் தானே வேண்டிக்கினீங்க ஐயரே, சாமிக்கே போதும் போதும்னு ஆயிட்டிருக்கும்" என்றாராம். தை மாதம் மங்களத்துக்கு ஆண் குழந்தை பிறந்தது. இருபதாம் நாள் அவளே தூக்கிவந்து மேஜைமேல் கிடத்தினாள். "அழவே மாட்டேங்கறான், தொட்டா ஜில்லுனு இருக்கான். பாருங்கோ டாக்டர்." அவனுக்கும் அதே குறைதான். அன்றே மருந்து ஆரம்பித்தோம். அந்தப் பயல் பிற்பாடு ஆறடிக்கு வளர்ந்து, எங்கள் வைத்தியசாலை நிலையில் தலையை இடித்துக்கொண்டு என்னையே திட்டினான். தேவு நாலடி ஒன்பது அங்குலத்தோடு நின்றாள். மருந்து தாமதமானதால் கணக்குப் பாடம் மட்டும் அவளிடம் கடைசிவரை முரண்டு பிடித்தது. மற்றபடி அவள் வாயை யாராலும் ஜெயிக்க முடியாது.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்தப் பயல் பிறந்த வருஷத்து ஜூன் மாதத்தைப் பற்றி. தேவுவுக்கு எட்டு வயது முடிந்திருந்தது. முந்தின நாள் அளந்ததில் முப்பத்தெட்டு அங்குலம். கை, கால் எல்லாம் உடம்புக்குத் தகுந்தாற்போல் நீண்டிருந்தன. காதைத் தொட்டுப் பார்க்கலாமா என்று நான் கேட்டதற்கு ராமசேஷன் கூடவே கூடாது என்றுவிட்டார். "தொடலைன்னா ராத்திரி எனக்குத் தூக்கம் வராது. தொட்டுட்டா அவளுக்குத் தூக்கம் வராது."

பள்ளிக்கூடத்துக்கு எல்லாரும் போனோம். ராமசேஷன், கைக்குழந்தையோடு மங்களம், நான். டாக்டர் வைத்தியசாலைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார், அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததே இல்லை. பேட்டையிலிருந்து முதல் பஸ் பிடித்துப் பாவாவும் வந்துவிட்டார், தலைப்பாவோடு. தலைமையாசிரியர் கண்டிப்பானவர், ஆனால் நல்ல மனிதர். எங்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "ஒரு பிள்ளையைச் சேர்க்க இத்தனை பேரா?" என்றார். பிறகு தேவுவைக் கிட்டே கூப்பிட்டார். "எங்கம்மா, கையைத் தூக்கிக் காதைத் தொடு பார்ப்போம்."

தேவு வலக்கையைத் தூக்கினாள். மொட்டைத் தலைக்கு மேலே கை வளைந்தது. உச்சந்தலையைத் தாண்டியது. இடப்பக்கம் இறங்கியது. ராமசேஷன் கண்ணை இறுக மூடிக்கொண்டார். விரல்நுனி காதின் மேல்மடலில் பட்டது. பட்டதோடு நிற்கவில்லை, காதை நன்றாகப் பிடித்துத் திருகிக் காட்டினாள்.

"தொட்டுட்டாங்க ஐயரே! கண்ணைத் திறங்க!" என்று பாவா கத்தினார். ராமசேஷன் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு, அங்கேயே சிமென்ட் தரையில் உட்கார்ந்துவிட்டார். டாக்டர் மூக்கைச் சிந்தினார். தலைமையாசிரியர் பெயரைப் பதிந்துகொண்டு, ஒன்றாம் வகுப்பு வாத்தியாரைக் கூப்பிட்டு ஒப்படைத்தார்.

நாங்கள் ஜன்னலில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம். மணல் பரப்பிய தரையில், ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில் தேவு போய் உட்கார்ந்தாள். வலக்கை தலைக்கு மேலேயே இருந்தது, விரல்கள் காதை விடவில்லை. வாத்தியார் குனிந்து, "போதும்மா, சேத்துக்கிட்டாச்சு. காதை விடு" என்றார்.

"மாட்டேன். விட்டா நீங்க வெளில அனுப்பிடுவேள்" என்றாள் தேவு.

அவர் எத்தனையோ சொல்லிப் பார்த்தார். முதல் 'அ'வை அவள் இடக்கையால்தான் எழுதினாள்.